குறைவாய்க் கொடுத்த மூச்சு

என் கணவர் ஜெயராஜ் தகரக் கூரையிலிருந்து விழுந்தார். போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பீன்யா தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் கூரை ஒழுகுகிறது என்று ஏறியிருக்கிறார். பழைய ஷீட். துருவேறிப் பிய்ந்துவிட்டது. கீழே இரும்புச் சட்டம் கிடந்தது. இடது விலாவில் அடி.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால் முதலில் யாரும் பயப்படவில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். பிறகு உடம்பு சில்லிட்டுச் சாய்ந்துவிட்டார். உள்ளே மண்ணீரல் கிழிந்து, வயிறு முழுக்க ரத்தம் நிறைந்திருந்தது.

நான் ரோஸ்லின். அதிகம் படிக்காதவள். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபைக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டு ஐசியுவுக்குக் கொண்டுவந்தார்கள். வாயில் குழாய். பக்கத்தில் மூச்சு கொடுக்கும் மெஷின். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகம் வெள்ளைத் தாள் போல இருந்தது. மெஷின் தள்ளும்போது நெஞ்சு ஏறியது. விட்டபோது இறங்கியது. அவராக ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் ஜெபக்குழுவுக்கு உடனே சொன்னேன். அதை நடத்துகிறவர் சாராள் அக்கா. கொரோனா நாட்களில் எங்கள் குழு நிறைய பேருக்காக ஜெபித்தது. ஆக்சிஜன் ஏறினால் ஆள் பிழைப்பார், இறங்கினால் போய்விடுவார். அப்போது நாங்கள் கற்றது அதுதான். மெஷினில் யார் இருந்தாலும் காற்று கூட வேண்டும் என்றே கேட்போம். அன்றும் அக்கா அதையே ஜெபக் குறிப்பாகப் போட்டார். ஜெயராஜுக்கு மெஷின் நிறைய காற்று கொடுக்க வேண்டும். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அப்படியே ஜெபித்தார்கள்.

மத்தியானம் என் கொழுந்தன் டேவிட் நர்ஸிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணி, காத்தைக் கம்மி பண்ணிட்டாங்களாம். ரத்தப் பிரஷர் எறங்குதுன்னு கம்மி பண்ணாங்களாம். இன்னா நியாயம் இது? ஆள் போறான்னு தெரிஞ்சா மூச்சையே புடுங்கிடுவாங்களா?"

நான் கண்ணாடி வழியாக மெஷினைப் பார்த்தேன்.

"கை விட்டுட்டாங்க அண்ணி. வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போலாம். ஆம்புலன்ஸ் சொல்லட்டா? சொல்லுங்க."

சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல. புரிய வையும்." அவ்வளவுதான் கேட்டேன். நீளமாக ஜெபிக்க வாய் வரவில்லை.

திரும்பினேன். ஐசியு கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தார். கன்னடக்காரர். பாதித் தமிழ், பாதிக் கன்னடம் பேசுவார்.

"காபரி ஆகாதீங்கம்மா, பயப்படாதீங்க. உக்காருங்க. காத்து ஏன் கம்மி பண்ணேன்னு சொல்றேன்."

நான் உட்காரவில்லை. அவர் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

"நாமளா மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரியும். ரத்தமும் சுலபமா இருதயத்துக்குத் திரும்பி வரும். மெஷின் அப்படி இல்ல. காத்தை உள்ள தள்ளுது. தள்ளத் தள்ள நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறும். திரும்பி வர்ற ரத்தம் கொறையும். உடம்புல ரத்தம் இருந்தா தாங்கிடும். இவருக்கு ரத்தம் ரொம்ப போயிடுச்சு. இருதயத்துக்கு வர்றதே கொஞ்சம். அதையும் நாம அமுக்கக் கூடாது."

டேவிட் விடவில்லை. "அப்ப மெஷினையே எடுத்துடுங்க மேடம்."

"எடுத்தா மூச்சே இல்லப்பா. மெஷின் வேணும். ரத்தம் ஏறுற வரைக்கும் அளவா வேணும்."

"வேற ஆஸ்பத்திரிக்கு…"

"இப்ப அசைச்சா வழியிலயே போயிடுவாரு."

ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்தது. "இப்ப என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"ரத்தம் வேணும். உள்ள இன்னும் கொஞ்சம் கசியுது, அது நிக்கணும்."

டேவிட்டிடம் திரும்பினேன். "ஆம்புலன்ஸ் வேணாம். ரத்தம் குடுக்க ஆளைக் கூப்புடு." அவன் என்னை முறைத்தான். பிறகு போனை எடுத்தான்.

நான் சாராள் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஜெபக் குறிப்பை மாத்துங்க. காத்து கூட வேணும்னு கேக்காதீங்க."

"ஏண்டி, பயத்துல இன்னா பேசுற? ஆண்டவர்கிட்டயும் சிக்கனமா கேக்கணுமா?"

"காத்து கூடக் கூட இருதயத்துக்கு வர்ற ரத்தம் கொறையுதாம்க்கா. ரத்தம் ஏறணும். கசிவு நிக்கணும். காத்து எவ்ளோன்னு டாக்டரம்மாவுக்கு ஆண்டவர் காட்டணும். இது போதும்க்கா."

"சரிடி. இங்க எல்லாரும் காத்து காத்துன்னு கத்தினு இருக்காங்க. நிறுத்தச் சொல்றேன்."

கம்பெனி ஆட்கள் யூனிபார்மோடு வந்து ரத்தம் கொடுத்தார்கள். எதிர்வீட்டு அன்வர் பாய் மகன்களை அனுப்பினார். எங்கள் சபைத் தம்பிகளும் வந்தார்கள். பை பையாக ரத்தம் ஏறியது. நான் கண்ணாடி ஓரமாக நின்றேன். மாற்றின ஜெபத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

சாயங்காலம் கசிவு நின்றது. பிரஷர் ஏறி நிலைத்தது. டாக்டரம்மா கண்ணாடிக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் உட்கார்ந்தேன். அழுதேன். பிறகு அவர்களே பார்த்துப் பார்த்துக் காற்றைக் கூட்டினார்கள்.

அந்த வாரக் கடைசியில் குழாயை எடுத்தார்கள். ஜெயராஜ் என்னைப் பார்த்தார். டேவிட்டைப் பார்த்தார். குரல் கரகரத்தது.

"அந்த ஷீட்டை மாத்தச் சொல்லுடா. இன்னொருத்தன் ஏறிடப் போறான்."

டேவிட் சிரித்துக்கொண்டே வெளியே போனான். போய் அழுதான்.

விசுவாசிகளே, நாங்கள் கேட்டபடியே ஆண்டவர் கொடுத்திருந்தால் நான் இன்று விதவை. அவர் எங்கள் வாயை மாற்றினார், அதன்பிறகு கொடுத்தார். டாக்டரம்மாவின் கையை நடத்தினவரும் அவர்தான். இப்போது நான் தேவையை மட்டும் சொல்கிறேன். அளவை அவரிடம் விட்டுவிடுகிறேன். எங்கள் குழுவிலும் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று முதலில் கேட்கிறோம். அதன்பிறகு முழங்கால் போடுகிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது அந்த மெஷினில் படுத்திருக்கலாம். நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் கேளுங்கள். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிற தேவன்.

பிரேசர் டவுனில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபம் நடக்கிறது. வாருங்கள். கதவைத் தட்டினால் ஜெயராஜ் வந்து திறப்பார்.