நல்லசாமி அண்ணாச்சி கட்டிய மரம்

ஐப்பசி மழையில் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பை வெளிப்படியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பூசை முடிந்து வந்து பார்த்தால் எல்லாம் ஊறிக் கிடக்க வேண்டும். ஆனால் பல வருடமாக அப்படி ஆனதே இல்லை. மழை பிடித்தால் யாரோ செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து சைக்கிள் கொட்டகைக்குள் வைத்திருப்பார்கள். ஜனங்கள் நான்தான் செய்கிறேன் என்று நினைத்து, "கோயில்பிள்ளைக்கு நல்ல மனசு" என்று சொல்லிப் போவார்கள். நானோ ஃபாதருக்குப் பூசையில் உதவுகிறவன், அந்த நேரத்தில் பீடத்தை விட்டு நகர முடியாதவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூபத்துக்குக் கரி தீர்ந்துபோய், எடுக்கப் பின்வாசலுக்கு வந்தேன். நல்லசாமி அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் செருப்பை அள்ளிக்கொண்டு மழையில் ஓடிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு கரைந்து வழிந்தது.

"அண்ணாச்சி, நீங்களா?"

"சாமி கும்பிட்டுட்டு வாரவுக சொதசொதன்னு நடக்கக் கூடாதுல்ல. நீங்க போயி மணியை அடிங்க. யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடுகிற ரப்பர் பெல்ட் அறுந்துபோனால், இரண்டு முனையையும் சீவி, பசை தடவி, சூடேற்றி அழுத்தி ஒன்றாக்க வேண்டும். அவர் போட்ட ஜாயிண்ட் பிரிந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவரோடு அதே கேங்கில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர் மரியஜோசப். கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர். சுனாமியில் அவருடைய அப்பாவின் கட்டுமரம் போய்விட்டது. அதன் பிறகு இங்கே வந்து, வடக்குத்து கிராமத்தில் வாடகை வீடு பிடித்து, மனைவி மரியபுஷ்பத்தோடு இருந்தார். ஞாயிறு பூசை முடிகிற வரை அண்ணாச்சி வெளியே காத்திருப்பார். பிறகு இருவரும் மீன் கடைக்குப் போவார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து இரண்டு வீட்டுக்கும் மீன் எடுப்பது ஜோசப்தான்.

ஒவ்வொரு வருடமும் குப்பத்துத் திருவிழாவுக்கு ஜோசப் அவரைக் கூப்பிடுவார்.

"வாங்கண்ணா, கடலைப் பாக்கலாம். நாப்பது கிலோமீட்டர் கூட இல்ல. அமெரிக்காவா கூப்புடறேன்?"

"அடுத்த வருசம் வாரேன்டே. எனக்குக் கிணத்தை எட்டிப் பாத்தாலே கிறுகிறுன்னு வரும்."

இருபது வருடம் இந்த அடுத்த வருடத்திலேயே போய்விட்டது. போன வருடம் பங்குனியில் ஒரு காலை, குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜோசப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. குப்பத்துக் கல்லறையில்தான் அடக்கம். வேனில் நானும் போனேன், அண்ணாச்சியும் வந்தார். அவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. அடக்கம் முடிகிற வரை கடலுக்கு முதுகைக் காட்டியே நின்றார். திரும்பி வரும்போது, "உசுரோட கூப்பிட்டப்ப வரலை. பொணத்துக்குப் பின்னால வந்துட்டேன்" என்றார்.  ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த வருடம் தை மாதம் அண்ணாச்சி ரிட்டயர் ஆனார். பங்குனிக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஜோசப்பின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. அவர் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஜோசப்போட அப்பாரு கட்டுமரம் மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சா, பூசையில வைக்க விடுவாகளா? அவன் மரம் மறுபடி அவன் வீட்டுக்குப் போயிரணும். அதைப் பாத்துட்டுத்தான் நான் இந்த ஊரை விட்டுப் போவணும்."

ஃபாதரிடம் கேட்டேன். பூசை நடுவில் காணிக்கைகளைப் பீடத்துக்குக் கொண்டுவருகிற பவனியில் மரியபுஷ்பமே ஏந்தி வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

காற்றில் ஒடிந்து விழுந்த கல்யாண முருங்கைக் கிளை ஒன்றை அண்ணாச்சி குவார்ட்டர்ஸுக்கு இழுத்து வந்தார். லேசான கட்டை. முழங்கை நீளத்தில் நான்கு துண்டு. முன்பக்கம் மூக்குபோல மேலே வளைய வேண்டும் என்று ஜோசப் மண்ணில் வரைந்து காட்டியது அவருக்கு நினைவிருந்தது. செதுக்கினார், தேய்த்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் தூளைக் கூட்டிக் கூட்டி அலுத்துவிட்டார்.

"முப்பது வருசம் ரப்பர் தூளு, இப்பம் மரத்தூளு. என்னைக்கு இந்த மனுசன் சட்டையை உதறாம வீட்டுக்குள்ள வரப் போறாரோ!"

"நீ கூட்டுறதை நிறுத்தினா எனக்கு ரிட்டயர்மென்டுன்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

நான்கு கட்டையையும் பசை போட்டு, இறுக்கி, இரண்டு நாள் பாரம் ஏற்றி ஒட்டினார். குறுக்கே ஸ்க்ரூ வேறு. வார்னிஷ் அடித்ததும் பளபளவென்று இருந்தது. "இழுத்துப் பாருங்க" என்று என்னிடம் கொடுத்தார். இழுத்தேன். இரும்புபோல இருந்தது.

திருப்பலிக்கு எட்டு நாள் இருக்கும்போது மரியபுஷ்பத்தை வரச் சொன்னோம். மடியில் வாங்கி வைத்துக்கொண்டது. தடவியது. கவிழ்த்துப் பார்த்தது.

"நல்லாக் கீதுண்ணா."

அந்தக் குரலில் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது. அண்ணாச்சிக்கும் புரிந்துவிட்டது.

"ஏம்மா, மூக்கு சரியில்லையா?"

"மூக்கெல்லாம் சரிதாண்ணா."

"பெறவு? எனக்காகச் சொல்லாத. உள்ளதைச் சொல்லு."

அது கட்டைகள் ஒட்டிய இடத்தை விரலால் தேடியது. பிறகு, "இதை எங்க அவுக்கறது?" என்று கேட்டது.

"அவுக்கவா? எதுக்கு அவுக்கணும்?"

"தெனமும் அவுப்பாங்கண்ணா. கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து, கட்டை கட்டையாத் தூக்கிகினு போயி மணல்ல காய வெப்பாங்க. மறுநாளு திரும்பக் கட்டுவாங்க. என் மாமனாரு அவுத்துப் போட்டாத்தான் எங்க வூட்டுல சோறே வடிப்போம். அவுக்காமலே கெடந்தா தண்ணி குடிச்சிகினு கனத்துப் பூடும். அப்பறம் மெதக்காது."

அண்ணாச்சி தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசம் பிரியாம ஒட்டுறதுக்குத்தான்மா எனக்குச் சம்பளம்."

"அதாண்ணா தப்பாப் பூட்டது" என்று மரியபுஷ்பம் சிரித்துவிட்டது. ஜோசப் போன பிறகு அது சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. "வுடுங்கண்ணா. இதுவே போதும். எவ்ளோ பாடுபட்டுக் கீறீங்க."

"போதாதும்மா" என்றார்.

அன்றைக்கே பிரிக்கப் பார்த்தார். ஸ்க்ரூ வந்தது, பசை விடவில்லை. உளியை வைத்துத் தட்டியதில் கட்டைதான் பிளந்தது.  மிச்சக் கிளையில் நான்கு துண்டு தேறுமா என்று அளந்து பார்த்தார். முன்னதைவிட நாலு விரல் குட்டையாகத் தேறியது. பாதி வீடு மூட்டை கட்டியாகிவிட்டது. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மறுபடியும் செதுக்கினார்.

கடைசி மூன்று நாளும் மரியபுஷ்பம் தென்னை நார்க் கயிற்றோடு வந்தது. கட்டத் தெரிந்தது அதற்குத்தான். அண்ணாச்சியின் பருத்த விரலுக்குள் அந்த முடிச்சு நிற்கவே இல்லை.

"இன்னாண்ணா, கழுத்த நெரிக்கிறீங்க? அது மூச்சு வுடணும். கொஞ்சம் ஆட்டம் இருந்தாத்தான் அலை மேல படுத்துகினு போகும்."

"ஆட்டம் இருந்தா எங்க இஞ்சினியர் மெமோ குடுப்பாரும்மா."

"உங்க இஞ்சினியரக் கட்டுமரத்துல ஏத்துங்க, பாப்போம்."

பேச்சியம்மாள் கயிற்றின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு சிரித்தார்.

திருப்பலி அன்று அண்ணாச்சி முதல்முறையாகக் கோயிலுக்குள்ளே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பமும் திராட்சை ரசமும் முன்னால் போக, வார்னிஷ் இல்லாத அந்த வெளுத்த மரத்தை ஏந்திக்கொண்டு மரியபுஷ்பம் நடந்தது. பீடத்தடியில் ஜோசப்பின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தது. என் கண் கலங்கியதில் மணி அடிக்க ஒரு நிமிடம் பிந்திவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார்.

பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு எடுத்துப் போகும் என்று நினைத்தோம். அது வெளிப்படியில் உட்கார்ந்து, ஒரு சுண்டில் முடிச்சை அவிழ்த்தது. நான்கு கட்டையையும் வெயில் படுகிற படியில் தள்ளித் தள்ளி வைத்தது. கயிற்றைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டது. அண்ணாச்சி முன்னால் நின்றார். 

"காயட்டும்ணா" என்றது மரியபுஷ்பம். "எங்க மரம்தான் இது. வூட்டுக்குப் போயி கட்டிக்கறேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சியம்மாள்தான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

இரண்டு நாள் கழித்து சாமானெல்லாம் லாரியில் ஏறியது. டிரைவர் பக்கத்து இரண்டு இடமும் காலியாக இருந்தும் புருஷனும் பெண்டாட்டியும் ஏறவில்லை. லாரியை அனுப்பிவிட்டு, ஒரு துணிப்பையோடு கடலூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். நானும் கூட நின்றேன்.

"கோவில்பட்டிக்கு அந்தப் பக்கமாவா போறது, அண்ணாச்சி?"

"சுத்துதான். அவன் குப்பத்துக்குப் போயிட்டுப் பெறவு ரயிலேறிக்கிடுவோம்" என்றார்.

பஸ் வந்தது. பேச்சியம்மாளை ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"கடல்ல முட்டளவுதான் எறங்குவேன், கோயில்பிள்ளை. அதுக்கு மேல ஜோசப்பே கூப்பிட்டாலும் மாட்டேன்."