கண்டக்டரம்மாவின் ‘ரைட்’

கண்டக்டரம்மாவுக்குப் பயம் புதிதல்ல. இருபத்தொன்பது வருடம், பஸ் படிக்கட்டில் தொங்கியவர்களைப் பார்த்துப் பார்த்தே பயந்திருக்கிறார். ஆனால் அதெல்லாம் மற்றவர்கள் தவறு செய்துவிடுவார்களோ என்ற பயம். தன் வாயை நினைத்தே அவர் பயந்தது போன ஞாயிற்றுக்கிழமைதான்.

ஓய்வுபெற்ற மறுமாதமே, வசதியில்லாத குடும்பங்களுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டித் தரும் குழுவில் பெயர் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் கூலியில்லா வேலை. “வீட்ல துடைப்பத்தத் தொட மாட்டே, அங்க போய்ச் செங்கல் சுமக்கிறியாக்கா?” என்று தங்கை கேலி செய்தாள். செங்கல் சுமந்தார், ஜல்லி அள்ளினார். நாலாவது வாரம் அவருடைய குரலுக்கே வேலை கிடைத்தது.

அன்று லிண்டல் ஏற்றினார்கள். வாசலுக்கு மேலே கிடத்தும் சிமெண்ட் உத்தரம் அது; நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது. சாரத்தின் மேல் கொத்தனார். சுவருக்கு அந்தப் பக்கம், கயிற்றை இழுக்கும் மோட்டாரோடு எலக்ட்ரீஷியன். மேலே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் கண்டக்டரம்மா. ‘மேலே’ என்றால் தூக்க வேண்டும், ‘நில்லு’ என்றால் நிறுத்த வேண்டும், ‘ரைட்’ என்றால் இறக்க வேண்டும். கடைசி வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது எலக்ட்ரீஷியன். அம்மாவுக்கு வாயில் ஊறிய சொல், தப்பே வராது என்றார்.

லிண்டல் சுவருக்கு அரையடி மேலே வந்து நின்றது. கலவையில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்ததைக் கவனித்த கொத்தனார், அதை எடுக்கக் கையை அடியில் நுழைத்தார்.

“கண்டக்டரம்மா, கை உள்ள இருக்கு. சொல்ற வரைக்கும் இறக்காதீங்க.”

“ரைட்” என்றார் அவர்.

யார் எது சொன்னாலும் ‘சரி’ என்பதற்குப் பதிலாக அவர் வாயில் வரும் அதே ரைட். மோட்டார் உறுமியது. உத்தரம் இறங்கத் தொடங்கியது. ‘நில்லு’ என்ற சொல் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது, பஸ்ஸை நிறுத்தும் பழைய கத்தல்: “ஹோல்டான்!”

எலக்ட்ரீஷியனும் பஸ்ஸில் போனவர்தானே. மோட்டார் நின்றது. கொத்தனார் கையை உருவினார். கையுறை உத்தரத்தின் அடியிலேயே மாட்டிக்கொண்டது. ஒரு நகம் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

கண்டக்டரம்மா மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். கொத்தனாரின் விரல்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். டிக்கெட் எடுக்காததற்கு விரலையா வாங்குவீர்கள் என்று கொத்தனார் சிரிக்க முயன்றார்.

“நான் வீட்டுக்குப் போறேம்ப்பா. இந்த வாய நம்ப முடியாது.”

“இன்னொரு வாசல் பாக்கி இருக்கு. வேற யாரு நின்னாலும் இன்னிக்கு நான் கைய உள்ள விட மாட்டேன்” என்றார் கொத்தனார். “இப்ப என்னைவிட உங்களுக்குத்தான் பயம் அதிகம்.”

இனி வார்த்தையே வேண்டாமென்று முடிவாயிற்று. ஜன்னலுக்கு விட்டிருந்த இடைவெளிக்கு எதிரே, எலக்ட்ரீஷியன் பார்க்கும்படி கண்டக்டரம்மா நின்றார். அவர் கை உயர்ந்திருக்கும் வரை உத்தரம் அசையக் கூடாது; தாழ்ந்தால் இறக்கலாம். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையே வைத்துக்கொண்டார்.

இரண்டாவது லிண்டல் தொங்கியது. கொத்தனார் கையை நுழைத்தார்.

“கல்லு ஒண்ணு இருக்கு, கொஞ்ச நேரமாகும். சரியா?”

கண்டக்டரம்மா தலையை மட்டும் அசைத்தார். உயர்த்திய வலது கை வலித்துத் தாழ ஆரம்பித்ததும், இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.