கல்யாணத்துக்குப் போயிருந்த காட்சிக்கூடம்

போன மாதம் ஜார்ஜ் டவுன் அருங்காட்சியகங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "குளிர்சாதனம் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் போவீர்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, மனைவி கலாவையும் கூட்டிக்கொண்டு தாசேக் கெலுகோருக்குக் கிளம்பினேன். அங்கே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஊர்க்காரர்களே நடத்தும் இரண்டு சின்னக் காட்சிக்கூடங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

எங்கள் வீடு இருக்கும் பாயான் பாருவிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். "நீங்க ஓட்டுனா வழியெல்லாம் சண்டை. ரயில்ல போவோம்" என்றாள் கலா. ஆகவே படகுத்துறை வரை பஸ், அங்கிருந்து இரண்டு வெள்ளி கட்டணத்தில் ஃபெரிப் படகு, பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில். தாசேக் கெலுகோர் நிலையத்துக்கு வெளியே டாக்சியோடு நின்றிருந்தார் ஓட்டுநர் மணியம் அண்ணன். இரண்டு இடத்துக்கும் போய்வர நாற்பது வெள்ளி என்று பேசி முடித்தோம்.

முதல் இடம், ஒரு மலாய்க்கார விவசாயி தூண்கள் மேல் நிற்கும் தன் வீட்டுக்கு அடியில் வைத்திருக்கும் நெல் விவசாயக் கருவிகள். கட்டணம் கிடையாது. எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அரிவாளை மட்டும் கலாவிடம் கொடுக்க வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் கல்யாணமாகி நாற்பது வருடமாம்.

அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் இரண்டாவது இடம். பழைய ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போனவர்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை அது. இப்போது தோட்டத்து மக்கள் புழங்கிய சாமான்களை அதில் வைத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் லெட்சுமி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை, ஞாயிறு மட்டும் திறந்து வைப்பாராம். உள்ளே நுழைந்தால் 'குத்துவிளக்கு' என்று ஒரு அட்டை, விளக்கு இல்லை. 'அம்மி' என்று ஒரு அட்டை, அம்மி இல்லை. 'பித்தளை அண்டா' என்ற அட்டைக்குப் பின்னால் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியும் பால் பிடிக்கும் நான்கைந்து மங்குக் கிண்ணங்களும்தான்.

"என்னக்கா, திருட்டுப் போயிடுச்சா?"

"அட இல்ல தம்பி. எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருக்கு."

விஷயம் இதுதான். வீட்டு விளக்கை யாருக்காவது கொடுத்துவிட்டால் வீட்டிலிருக்கும் மகாலட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று நம் பெண்களுக்கு ஒரு பயம். அதனால் காட்சிக்கூடத்துக்கு எதையும் 'கொடுத்தேன்' என்று ஒருவரும் சொல்லவில்லை. 'வெச்சிருக்கேன்' என்றுதான் சொன்னார்கள். வைத்தவர் வீட்டிலும் சொந்தத்திலும் விசேஷம் வந்தால் சாமான் கிளம்பிவிடும். ஆவணி மாத முகூர்த்தத்தில் வந்து இறங்கியது எங்கள் குற்றம்.

அக்காவின் கவலை வேறு. அந்தக் கொட்டகையைக் கராவோக்கே பாடும் இடமாக்க வேண்டும் என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் ஒரு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறாராம். காலியாகக் கிடந்தால் எடுத்துக்கொள்வதாகக் கூட்டத்தில் பேச்சு. பார்வையிட இன்றைக்கு இரண்டு மணிக்கு வருவதாக நேற்று ராத்திரிதான் செய்தி அனுப்பியிருக்கிறார். கல்யாணம் நடப்பது நான்கு கிலோமீட்டர் தள்ளி, கோயில் மண்டபத்தில். அக்காவிடம் வண்டி இல்லை.

"என் காடி இருக்கு லா. போய் ஏத்திட்டு வந்துடுவோம்" என்றார் மணியம் அண்ணன். இப்படியாக, அருங்காட்சியகம் பார்க்க வந்த நான், அக்காவும் கலாவும் கூட வர, அதையே மூட்டையாகத் தூக்கக் கிளம்பினேன்.

மண்டபத்தில் தாலி கட்டி, அம்மி மிதித்து முடிந்திருந்தது. மேடைக்குப் போய் நானும் மணியம் அண்ணனும் அம்மியைத் தூக்கினோம். "அண்ணே, இந்தப் பக்கம் பாருங்க" என்று வீடியோக்காரர் லைட்டை அடித்தார். இடுப்பு பிடித்துக்கொண்ட முகத்தோடு சிரித்தேன். முன்வரிசையில் ஒருவர், "பொண்ணுக்குத் தாய்மாமனா?" என்று கேட்டார். சுற்றுலாப் பயணி என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

விளக்கைத் தொட முடியவில்லை. "பந்தி முடியிற வரைக்கும் எரியணும்க்கா" என்றார் பெண்ணின் அம்மா. அண்டா சமையல்கட்டில் இருந்தது, அரை அண்டாப் பாயசத்தோடு. "கீழ ஊத்தவா சொல்றீங்க?" என்று சமையல்காரர் கரண்டியோடு முறைத்தார். அப்புறம் ஒரே வழிதான். உட்கார்ந்து குடித்துத் தீர்ப்பது என்று முடிவெடுத்தோம்.

மூன்றாவது கிளாசில் எனக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் பூப்போட்ட பாத்திக் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் சளைக்காமல் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல ஆள் கிடைத்தார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு மணிக்கு யாரோ தலைவராம், பாட்டுப் பாட எடத்தப் புடுங்க வர்றாராம். அதுக்குள்ள இந்த அண்டா காலியாகணும். நீங்களும் கொஞ்சம் கை குடுங்கண்ணே."

அவர் இன்னொரு கிளாஸ் வாங்கி நிதானமாகக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் தம்பி அந்தத் தலைவர்" என்றார்.

கலா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. அந்த அக்கா ஞாயிறு ஞாயிறாகக் கட்டிக் காத்ததை ஒரு வாயால் கெடுத்துவிட்டேனே என்று அவமானமாக இருந்தது.

தலைவர் அக்காவைக் கூப்பிட்டார். "ஏன் லெட்சுமி, கொட்டகை இப்பக் காலியாதானே கெடக்கு?"

"ஆமாங்க" என்றார் அக்கா. பொய் சொல்ல வரவில்லை அவருக்கு.

"காலியா இருந்தா எடுத்துக்கிறதாதானே பேச்சு?"

அதற்கும் "ஆமாங்க"தான். அப்போது பெண்ணின் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தார். "மாமா, தை மாசம் உங்க புள்ள கல்யாணத்துக்கு அக்காகிட்ட விளக்கு, அண்டா எல்லாம் சொல்லி வெச்சிட்டீங்களா? இப்பவே சொல்லிடுங்க. கேக்குற ஆளு அதிகம்" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். குரல் இறங்கிவிட்டது. "தை ரெண்டாவது ஞாயிறு. சாமானெல்லாம் கிடைக்குமா லெட்சுமி?"

"சாமான் இருக்கும் தலைவரே" என்றார் அக்கா. "ஆனா கொட்டகை போயிட்டா, அது அவங்கவங்க வீட்டுக்குப் போயிடும். நீங்க வீடு வீடாப் போயிக் கேக்கணும். அதுல பாதி வீட்டோட நீங்க பேசுறதே இல்லையே."

தலைவர் காலி கிளாசைக் கீழே வைத்தார். அப்புறம் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, காலியாகியிருந்த அண்டாவை ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் நான் பிடித்தேன்.

விளக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி. அதற்குப் பிறகுதான் காட்சிக்கூடத்தை முறையாகச் சுற்றிப் பார்த்தோம். அண்டா ஏலக்காய் வாசனை அடித்தது. எத்தனையோ கண்ணாடிப் பெட்டிகளை எட்டி நின்று பார்த்திருக்கிறேன், எதன் முன்னாலும் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இடுப்பு வலி நான்கு நாள் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காலை ரயிலைப் பிடியுங்கள், மாலை ரயில் நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். நிலையத்தில் டாக்சி எப்போதும் இருக்காது. கட்டணம் இல்லை, உண்டியல் இருக்கிறது. நாள்காட்டியில் முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துப் போனால் பொருட்கள் இருக்கும். முகூர்த்த ஞாயிறு என்றால் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு போங்கள். தை இரண்டாவது ஞாயிறு மட்டும் போக வேண்டாம். அன்று காட்சிக்கூடம் விடுமுறை என்று கதவில் இப்போதே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கீழே தலைவர் கையெழுத்து.