சாயங்கால மிஸ்டு கால்

கணினிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, பெங்களூரில் ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கியிருந்த சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளை நடத்த அவர்கள் மென்பொருள் செய்தார்கள். யாருக்கு எந்த மருந்து, என்றைக்கு டாக்டரிடம் வர வேண்டும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டார்களா, எல்லாவற்றையும் அது கவனித்துக்கொள்ளும். வேலை எங்கே என்று கேட்டேன். தேனியில் என்றார்கள். பெங்களூர் கம்பெனியில் சேர்ந்து, உத்தமபாளையத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸில் போய்வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அத்தாவுக்கு அதில் பரம சந்தோஷம். மகள் சம்பளமும் வாங்குகிறாள், பொழுது சாய வீட்டுக்கும் வந்துவிடுகிறாள்.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கான ஆய்வு நடந்தது. சேருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வதும் மாத்திரைக் கணக்குப் பார்ப்பதும் என் வேலை. ஆய்வில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. குறுஞ்செய்தி வந்தால் படிக்கப் பேரப்பிள்ளை வர வேண்டும். ஆனால் மிஸ்டு கால் கொடுக்கத் தெரியாத ஆளே எங்கள் பக்கத்தில் இல்லை. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். காலையில் சாப்பிட்டு மாத்திரை போட்டதும் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், திரையில் அவர் பெயருக்கு நேரே உள்ள கட்டம் பச்சையாகிவிடும். கொடுக்காவிட்டால் மஞ்சள். ஒரே நாளில் இரண்டு முறை வந்தால் இரண்டு மாத்திரை போட்டுவிட்டார் என்று சிவப்பு.

அந்த யோசனையைச் சொன்னவன் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவனான எங்கள் முதலாளிப் பையன். அவனுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட. உலகத்தையே திருத்திவிட்டது போல ஒரு வாரம் பூரித்துக்கொண்டிருந்தான்.

சிவப்பு வந்தது ஒரே ஒரு ஆளுக்கு. கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்து அம்மா அவர். கழுத்தில் ஜெபமாலை, முகத்தில் எப்போதும் சிரிப்பு. விடியும் முன்னே ஜீப்பில் ஏறி கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறவர். சரிவில் நிற்கும்போது தலை சுற்றி ஒருமுறை உருண்டிருக்கிறார். ஆய்வில் சேர்ந்த பிறகுதான் தலைசுற்றல் நின்றது. மாதம் தவறாமல் ஒரு டாக்டர் தன் கையைப் பிடித்துப் பார்ப்பதே அவருக்குப் பெரிய காரியம்.

காலையில் பச்சை, சாயங்காலம் சிவப்பு. தினமும் இதே கதை. மறுமுறை அவர் வந்தபோது மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட அதிகம் குறையவில்லை. அப்படியானால் வீட்டில் வேறு யாருக்கோ இருந்த மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறார் என்று பெங்களூரில் முடிவு கட்டினார்கள்.

"மருந்துக் கம்பெனியிலிருந்து பார்வையிட வர்றாங்க. இந்தச் சிவப்பை அவங்க பார்த்தா நம்ம மென்பொருள்தான் கெட்டதுன்னு சொல்லுவாங்க. பேசாம அந்தம்மாவை ஆய்விலிருந்து எடுத்திடலாம்" என்றான் முதலாளிப் பையன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிவப்பைத்தான் பார்க்கிறான், ஆளைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவரை வீட்டிலேயே போய்ப் பிடித்தேன். காபித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சாயங்காலமும் மாத்திரை போடுறீகளாம்மா?"

"அய்யய்யோ, இல்ல தாயி. காலைல மட்டுந்தான்."

"பெறகு எதுக்குச் சாயங்காலம் மிஸ்டு கால் குடுக்குறீக?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதுகூடத் தெரியாத பிள்ளையா என்பது போல.

"மலைய விட்டு எறங்குனதும் குடுக்குறது. கடைசி வளைவு தாண்டுனாத்தான டவர் கெடைக்குது. முந்தி எங்க வீட்டுக்காரருக்குக் குடுப்பேன். அந்தச் சத்தங் கேட்டதும் அவுக அடுப்பப் பத்த வப்பாக. அவுக போயி ஒரு வருசமாச்சு. எறங்கிட்டேன்னு சொல்ல ஆளு வேணும்ல? நீதான சொன்ன, மிஸ்டு கால் வந்தா நீங்க நல்லா இருக்கீகன்னு எங்களுக்குத் தெரிஞ்சுரும்னு."

சொல்லியிருந்தேன். ஆய்வில் சேரும் எல்லோரிடமும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். அதை வார்த்தைக்கு வார்த்தை நம்பிய ஒரே ஆள் இவர்.

காபித் தம்ளரைக் கீழே வைத்தேன். தினமும் சாயங்காலம் அவர் "வந்துவிட்டேன்" என்று சொல்ல, பெங்களூரில் ஒரு இயந்திரம் அபாயம் என்று சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இனிமேல் சாயங்காலம் கூப்பிடாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். சொல்ல மனசு வரவில்லை. அவருடைய டார்ச் லைட் போனை வாங்கி, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எனக்கு வருவது போல வைத்தேன்.

"காலைல பழைய நம்பருக்கு. சாயங்காலம் இந்தப் பட்டன். இது என் போன்."

"நீ எடுத்துராத தாயி. காசு போயிரும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் கட்டம் பச்சை. பார்வையிட வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். அவர் ஆய்விலேயே இருந்தார். சாயங்காலம் பஸ் சின்னமனூரைத் தாண்டும் சமயத்தில் என் கைப்பையில் போன் ஒலித்து நிற்கும். பக்கத்து சீட் பெண்கள் யாரு யாரு என்று கண்ணடிப்பார்கள். நான் வெட்கப்பட்டது போல நடிப்பேன்.

ஒருநாள் சின்னமனூர் போனது, போன் ஒலிக்கவில்லை. நானே கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மேற்கே மலை கருத்துக் கிடந்தது. மழைக்காலத்தில் அந்த ரோட்டில் ஜீப்புகள் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் மென்பொருளில் அன்று எல்லாக் கட்டமும் பச்சை. உத்தமபாளையத்தில் நான் இறங்கவில்லை.

"அத்தா, கம்பம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று போனில் சொன்னேன்.

"இந்நேரத்துல அங்கன என்ன சோலி?"

"ஒரு ஆளு இன்னும் மலைய விட்டு எறங்கல."

"கொட வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார் அத்தா.

ஜீப் வந்து நிற்கும் முக்கில் மழையில் நின்றேன். வந்த ஜீப்பில் எல்லாம் முகம் தேடினேன். கடைசியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ஒன்று வந்தது. சேறும் சகதியுமாகப் பெண்கள் இறங்கினார்கள். வழியில் மரம் விழுந்து, வெட்டி எடுக்கும்வரை காத்துக் கிடந்தார்களாம். அவர்களில் ஒருத்தி என்னைக் கண்டதும், "நீதானா அந்தப் புள்ள? போனு நனைஞ்சு செத்துப்போச்சு, புள்ள பயந்து போயிருக்கும்னு அக்கா வழியெல்லாம் பொலம்பித் தீத்துருச்சு" என்றாள்.

அவர் பின்னாலிருந்து வந்தார். தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி. சேற்றுக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தார்.

"வந்துட்டேன் தாயி."

அப்படியே அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். என் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டதாகச் சொன்னார். திரையில் அவர் கட்டம் மஞ்சளாக இருந்தது. தொட்டால் காரணம் கேட்கும். 'போன் நனைந்துவிட்டது. மாத்திரை போட்டார். ஆள் பத்திரமாக இறங்கிவிட்டார்' என்று எழுதினேன்.

கடைசி வரி எதற்கு, அதை எடுத்துவிடு என்று பெங்களூரிலிருந்து சொன்னார்கள். எடுக்க முடியாது என்றேன்.