தீவை விட்டு நீந்திய மான்

நேற்று சுவிஸ் நகரமான ஊஸ்டரில் ஒரு உணவகத்தைக் கடக்கையில், வைனில் ஊறிய மான்கறி வேகும் வாசனை வந்து என்னை அந்த ஏரித் தீவுக்கே கொண்டுபோய்விட்டது. ஒரு சுவிஸ் குடும்பத்தின் சொந்தத் தீவு அது. இப்போது விற்கப்பட்டு, வீடும் இடிக்கப்பட்டுவிட்டது. போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகில் கடல் கடந்து, பிறகு சுவிஸுக்கு வந்துசேர்ந்த அப்பாவுக்கு அங்கேதான் தோட்டவேலை.

இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் முதலாளியின் விருந்தினர்கள் மான் சுடத் துவக்குகளோடு வருவார்கள். வேலையாட்களோடு எட்டு வயதுச் சிறுமியான நானும் ஈர நாணல்களுக்குள் வரிசையாக நடந்து, தடியால் மரங்களைத் தட்டித் தட்டி, மான்களை அவர்கள் நிற்கும் பக்கம் விரட்டுவேன். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஒரு பெண்மான் ஏரிக்குள் பாய்ந்து அக்கரையை நோக்கி நீந்தியது. முதலாளி கத்தினார். அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு படகை வேகமாக வலித்து, மானை முந்திப்போய், துடுப்பால் தண்ணீரை அடித்து அதைத் தீவுக்கே திருப்பினார். கரையேறியதும் சுட்டார்கள்.

மாலையில் வீடு திரும்பும்போது படகில் கேட்டேன்: "விட்டிருந்தா அது அக்கரைக்குப் போயிருக்குமோ, அப்பா?"

"ஓம் பிள்ளை. போயிருக்கும்."

எனக்கு நேரெதிரே இருந்து துடுப்பு வலித்தவர், கரை சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவேயில்லை.