மாமா சுற்றிய இரண்டாவது சுருள்

அந்த வருடம் கௌரி பண்டிகைக்கு எனக்குப் புதுச்சட்டை கிடைக்கவில்லை. காரணம் மாமாவின் கிடார்.

மைசூரில் அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு சந்தில் அம்மா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பியான மாமா எங்களோடு இருந்துகொண்டு ஓர் ஆர்கெஸ்ட்ராவில் மின்சார கிடார் வாசித்தார். மேடையில் டியூப் லைட்டும் சீரியல் பல்பும் எரிந்தால் போதும், கிடாரிலிருந்து வண்டு குடைவதுபோல ஓர் இரைச்சல் வரும். இன்னொரு தரம் அது கேட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக ஆர்கெஸ்ட்ராக்காரர் சொல்லிவிட்டார். அடுத்த கச்சேரி, பண்டிகையை ஒட்டி எங்கள் தெருவில் போடும் கணபதி பந்தலில்.

கிடார் கம்பிகளுக்கு அடியில், காந்தத்தின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றிய பிக்கப் இருக்கும். பாட்டைப் பிடிக்கிற அந்தச் சுருளே விளக்குகளின் இரைச்சலையும் பிடித்துவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு சுருளை எதிராக இணைத்தால் இரைச்சலும் இரைச்சலும் மோதி அடங்கிவிடும் என்று மாமா எங்கோ கேட்டுவந்தார். சுருள் சுற்ற அவருக்குக் கிடைத்தது, அம்மாவின் தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற சக்கரம்.

கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. அறுந்தால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். அறுந்துகொண்டே இருந்தது.

“ஏண்டா, ஊருச் சனம் பூரா ஜாக்கெட்டுக்கு வாசல்ல நிக்குது. என்ற மெஷின்ல நீ கம்பி சுத்தறியா?”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கக்கா.”

இதையே தினமும் சொன்னார். வெட்டிய துணியாகவே கிடந்த என் சட்டையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

கச்சேரியன்று சாயங்காலம்தான் வேலை முடிந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் கிடாரின் வயரைச் செருகினார். இரைச்சல் துளியும் இல்லை. துள்ளிக் குதித்துப் பந்தலுக்கு ஓடினார். கிடார் கம்பியை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மேடையில் மாமாவின் விரல்கள் பறந்தன. கொசு முனகுவதுபோல ஏதோ வந்தது.

“ஏனப்பா, கிடார் எல்லி?” என்று ஆர்கெஸ்ட்ராக்காரர் மைக்கிலேயே கேட்டார். கிடார் எங்கே என்று அவர் கேட்டதும் தெருவே சிரித்தது.

வீட்டுக்கு வந்தும் மாமா அடங்கவில்லை. “கவனிச்சியாக்கா? வண்டுச் சத்தமே இல்ல!”

“வண்டும் இல்ல, பாட்டும் இல்ல. சும்மா கைய ஆட்டிட்டு நின்னிருக்கலாமேடா!”

இரண்டாவது சுருளுக்குள் இருக்கும் காந்தத்தையும் தலைகீழாக வைத்திருக்க வேண்டுமாம். அதை மறந்ததால் இரைச்சலோடு பாட்டும் அடங்கிவிட்டதாம். மறுநாள் திருப்பி வைத்தார். அதற்குள் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

போக இடமில்லாமல் அவர் கூடத்திலேயே உட்கார்ந்து வாசித்தார். அம்மா ஒருவழியாக என் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். இரைச்சலே இல்லாமல் கிடார் ஒலித்தது. திடீரென மெஷின் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன். ஊசியில் நூல் அப்படியே இருந்தது. அம்மாவின் கால்கள் மிதிபலகை மேல் அசையாமல் இருந்தன; முகம் கிடார் பக்கம் திரும்பியிருந்தது.

“தைம்மா” என்று அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன்.