புகைப்புரைக்குப் போன படகு

தகவல் கேட்டு விண்ணப்பித்தவருக்கு முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்கு வந்திருந்தால் ஐந்து நாட்களுக்குள் அதைச் சரியான அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. பணியில் இருந்தபோது என் மேசைக்கு வந்த இத்தகைய விண்ணப்பங்களுக்கு நான் தவறாமல் இருபத்தொன்பதாம் நாள் பதில் அனுப்பினேன். பெரும்பாலும் ‘தகவல் இல்லை’ என்றுதான். ஆனாலும் இருபத்தொன்பதாம் நாள்.

மேட மாதத்தில், தமிழ்நாட்டுக் கணக்கில் சித்திரையில், நான் கேட்டது எளிய கேள்வி. எஞ்சின் இல்லாத, துடுப்பால் மட்டும் செலுத்துகிற, சொந்த உபயோகத்துக்கான ஒன்பதடிப் படகை நெய்யாற்றில் இறக்கப் பதிவு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தப் படிவம்? நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

படகு எனக்காக அல்ல. என்னோடு படித்த நண்பர் ஒருவர் குன்னத்துகாலில் குடியிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் தூண்டிலோடு ஆற்றங்கரையில் நின்றவருக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. இடது கால் பாதிதான் திரும்பக் கிடைத்தது. ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அவரை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போகிறாள், வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. போவதற்குள் ஒரு தடவை ஆற்றில் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும் என்றார். பூவாறில் சுற்றுலாப் படகு வாடகைக்குக் கிடைக்குமே என்றேன்.

“அந்த எஞ்சின் சத்தத்துக்கு மீனெல்லாம் தமிழ்நாட்டுக்கு ஓடிப்போவும்லே.”

எனக்கு வேறு வேலை இல்லை. வரைபடம் ஒன்றை வரவழைத்தேன். கார் ஷெட்டில், தண்ணீரில் ஊறாத மரைன் பிளைவுட்டை அளந்து வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்தேன். தையல் ஓடிய இடங்களில் மரத்தூள் கலந்த எபாக்ஸிப் பசையை வழித்துப் பூசி, மேலே கண்ணாடி இழைத் துணியை ஒட்டினேன். பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் கலந்தேன்.

“பின்வாசல் கதவு மூணு வருசமா தரையில இழுக்குது. அதுக்கு நேரம் இல்ல. வள்ளம் செய்ய நேரம் உண்டு” என்றாள் மனைவி. அது விண்ணப்பமா ஆட்சேபணையா என்று தெளிவாக இல்லாததால் நடவடிக்கை எடுக்கவில்லை.

வைகாசியான இடவத்தில் மழை பிடித்தது. பூச்சு இறுகுவதற்கு ஈரமில்லாத, வெதுவெதுப்பான அறை வேண்டும் என்று எபாக்ஸி டப்பாவோடு வந்த தாள் சொன்னது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை. வெயிலில் காயாதது எதுவானாலும் இங்கே அங்குதான் போகும். கொப்பரை போகும், பள்ளிச் சீருடையும் போகும், சீருடை ஒரு வாரம் மணக்கும். நண்பர் வீட்டில் பெரிய புகைப்புரை உண்டு. மழைக்கு ரப்பர் பால் வெட்டுவது நின்றதால் காலியாகக் கிடந்தது.

“கொண்டு வாலே. மூணு நாள்ல எலும்பு மாதிரி ஆக்கித் தாறேன்.”

படகைச் சரக்குப் பெட்டி ஆட்டோவில் ஏற்றி, வெளியே நீண்ட முனையில் விதிப்படி சிவப்புத் துணி கட்டிக் கொண்டுபோனேன். நண்பர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையும் விறகுமாகத் தணலைக் காத்தார். மூன்றாம் நாள் படகு இறுகி, பழுப்பாகப் பளபளத்தது. அதன்மேல் அடுத்த பூச்சைப் பூசினேன். இரண்டு நாள் கழித்து நகத்தால் தொட்டபோது அந்தப் பூச்சு முழுவதும் பப்படம் போல உரிந்து வந்தது.

தாளுக்குப் பின்பக்கமும் இருந்தது. இறுகும் எபாக்ஸியின்மேல் ஈரமும் புகையும் சேர்ந்தால் மெழுகு போல ஒரு படலம் எழும், அதைக் கழுவாமல் அடுத்த பூச்சு பூசினால் பிடிக்காது, அறையில் தீ மூட்டவே கூடாது. பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வந்த எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நண்பர் உரிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நாலாம் நம்பர் ரப்பர் ஷீட்டாக்கும். கடையில போட்டா எடுத்துக்கிடுவான்.” பிறகு சிரிக்காமல் கேட்டார்: “ஓணத்துக்குள்ள ஆவுமா மக்கா?”

ஆகும் என்றேன். கர்க்கடகம் என்கிற ஆடி முழுவதும் கழுவவும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் சரியாக இருந்தது. புதிய பூச்சு என் வீட்டுச் சாப்பாட்டு அறையில், மின்விசிறியின் கீழ் இறுகியது. நாங்கள் சமையலறையில் நின்று சாப்பிட்டோம். இதற்குள் முப்பது நாளும் கடந்து, நான் அனுப்பிய நினைவூட்டலுக்கும் ஒரு மாதம் ஆகியிருந்தது. மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தனியாக முப்பது நாள். காரணம் எழுதிவைத்தால் நாற்பத்தைந்து வரை நீட்டலாம். விமானத்துக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

ஓணத்துக்கு மறுநாள் நண்பர் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். படகு தயாராக இருந்தது. பதில் வராமல் ஆற்றில் இறக்குவது சரியல்ல என்று அவரிடம் சொன்னேன்.

“எலே, நெய்யாறு உனக்க ஆபீஸாக்கும்? சீல் அடிச்சாத்தான் வெள்ளம் ஓடுமோ?”

“ஆராவது கேட்டா என்ன பறய?”

“எங்கிட்ட கேக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமைக்குப் பெறவு ஆராலயும் கேக்க முடியாதுல்லா.”

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “அந்த அட்டை உண்டல்லா? அதப் பாக்கெட்டுல வச்சிட்டுப் போங்க. எழுதிக் கேட்டதுக்கு அது போராதா?”

ஒப்புகை அட்டை அனுமதி ஆகாது என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிவப்புத் துணியும் கட்டி, படகை ஆற்றுக்குக் கொண்டுபோனேன்.

படகுக்குள், கால்களைப் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் நண்பரை நானும் ஆட்டோக்காரரும் உட்கார வைத்தோம். நான் துடுப்புப் போட்டேன். முதல் பத்து நிமிடம் இரண்டு பேரும் ஆற்றைப் பார்க்கவில்லை, படகின் அடியிலுள்ள தையலைத்தான் பார்த்தோம். இரண்டு சொட்டு விழுந்தது. என் வியர்வை. அதன்பிறகு அவர் வலது கையால் தூண்டிலை வீசினார். இரண்டு மணி நேரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பள்ளத்தி மீன் கிடைத்தது. அதைத் திரும்ப ஆற்றிலேயே விட்டார். கரையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, “வள்ளம் விக்க உண்டா?” என்று கேட்டார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

கரைக்கு வந்த பிறகும் நண்பர் எழுந்திருக்கவில்லை. படகின் விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். “இப்பமும் புகை மணக்குது” என்றார். எனக்கு மணக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கை கொடுத்து இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். படகைக் கார் ஷெட்டில் கவிழ்த்து வைத்தேன். பின்வாசல் கதவைச் சீவி அளவாக்கினேன்.

புரட்டாசி பிறந்த அன்று பதிலும் வந்தது. பொருள் தங்கள் அலுவலகத்துக்கு உட்பட்டதல்ல, உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறது என்று ஒரே வாக்கியம். ஐந்து நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பழக்கப்படி கடிதத்தின் மூலையில் கிடைத்த தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டேன்: கன்னி ஒன்று.